அண்ணி பார்க்காத படம்

அண்ணி யாருக்கும் யோசனை சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் குப்பத்தில் தாராளமாகக் கிடைப்பது அது ஒன்றுதான். தலைவலி என்று வாயைத் திறந்தால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். அண்ணி மட்டும், "இப்ப இன்னா இன்னா இருக்கு? நீ இன்னா பண்ணப் போறே?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணமாகி வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். எங்கள் குப்பம் ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. பழவேற்காட்டிலிருந்து படகில்தான் வரவேண்டும். பெண்ணை அழைத்து வந்த படகு, தண்ணீர் வற்றியிருந்த நேரமாகையால், பாதி வழியில் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டு ஆண்கள் படகோட்டியைத் திட்டினார்கள். படகோட்டி காற்றைத் திட்டினான். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அண்ணி தலையை நிமிர்த்தி, "தண்ணி முழங்கால் வரைக்குமா, இடுப்பு வரைக்குமா? படகுல கனமானது இன்னா இன்னா கீது?" என்று கேட்டாள். புதுப்பெண் பேசியதில் திட்டு நின்று, எல்லோரும் படகுக்குள் பார்த்தார்கள். கனமானவை இரண்டு. அவள் சீராகக் கொண்டுவந்த ஸ்டீல் பீரோ, அடுத்தது என் பெரியப்பா. இரண்டையும் பின்னால் வந்த படகுக்கு மாற்றியதும் எங்கள் படகு மிதந்தது. பெரியப்பா அதற்குப் பிறகு அண்ணியோடு பேசவே இல்லை.

முறைக்குத்தான் அவள் அண்ணி, வயதில் என்னைவிட ஒன்று இளையவள். எண்ணூர்ப் பக்கத்துப் பெண். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் ஒரு ஆபீஸில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். நான் குப்பத்து அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். குப்பமே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவளும் அப்படியே கூப்பிட்டாள். என் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்தேன். நைனா போய்ச் சேர்ந்த பிறகு அது அண்ணன் வீடுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியங்களுக்கு இதுதான் காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான ஆறாவது மாதம் அண்ணன் வளைகுடா நாட்டுக்கு, மீன்பிடி படகு வேலைக்குப் போனான். அவன் போன மறுமாதம் அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. பழைய வேலைக்குத் திரும்பிப் போகிறேன் என்று பையைத் தயாராக வைத்திருந்த அண்ணி, பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அடுக்கினாள். அண்ணன் போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "அவ பட்ணத்துல வளந்தவ. எங்க போறா, யார்கூடப் பேசுறானு பாத்துக்கோ. எனக்குச் சொல்லு." சரி என்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவும் செய்தேன்.

அவள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி முதலில் அண்ணனுக்கு நான் சொன்னது, "அண்ணி தாயக்கட்டை மாதிரி இன்னாவோ உருட்டிக்கினு இருக்காங்க" என்றுதான்.

அது தாயம் இல்லை. அந்த ஆட்டத்தில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தி திருடி. இருண்ட குகை, எதிரே பூதம் என்று கதை சொல்பவர் ஒரு இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "இப்ப நீ இன்னா பண்ணுவே?" என்று கேட்பார். ஆடுபவர் சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். சென்னையில் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரோடு சனிக்கிழமைதோறும் அண்ணி இதை ஆடியிருக்கிறாள். கதை சொல்வது எப்போதும் அவள்தான். அந்தக் கேள்வி அங்கிருந்து வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அல்லது அந்தக் கேள்வி ஏற்கெனவே அவளுக்குள் இருந்ததால் அந்த ஆட்டம் பிடித்ததோ என்னவோ.

வாடைக் காற்று பலமாக அடித்து யாரும் ஏரியில் இறங்காத நாட்களில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் எங்களுக்கும் கதை சொல்வாள். கையாலேயே நண்டு பிடிக்கிற சரசக்காவும் வந்து உட்காரும். ஒருநாள் அண்ணி, "எதிர்ல பெரிய கோட்டை. இரும்புக் கதவு உள்பக்கமாப் பூட்டியிருக்கு. உள்ள ஒரு ராட்சசன். இன்னா பண்ணுவீங்க?" என்றாள். நான் மந்திரத்தால் கதவை உடைப்பேன் என்றேன். சரசக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எதுக்கு உடைக்கணும்? அவன் துன்ன வெளிய வந்துதானே ஆவணும்? வளை வாசல்ல காத்துக்கினு குந்தியிருப்பேன்" என்றது. அண்ணி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "இத்தினி வருஷத்துல ஒருத்தர்கூட இப்டி சொன்னதில்ல சரசக்கா" என்று பகடையை உருட்டாமலே ராட்சசனைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த மாடிதான் அவள் வேலை செய்த இடமும். வீட்டில் போன் பேசலாம், நெட் சிக்னல் கிடையாது. மாடியின் கிழக்கு மூலையில் மட்டும் கிடைக்கும். பழைய ஆபீஸ் அவளுக்கு ஒரு ஒப்பந்த வேலை கொடுத்திருந்தது. சினிமா கம்பெனிகளின் பக்கங்களில் ஜனங்கள் எழுதும் கமெண்ட்டுகளைப் படித்து, பாராட்டு, குறை, வசவு, விளம்பரம் என்று பிரிக்க வேண்டும். கெட்ட வார்த்தையை நீக்க வேண்டும். எதற்கும் பதில் எழுதக் கூடாது. அது கண்டிப்பான விதி. அம்மாவுக்குக் காலையில் எல்லாம் செய்துவிட்டு லேப்டாப்போடு மாடிக்குப் போவாள், மதியம் இறங்கி வருவாள், மறுபடி போவாள். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கட்டடம் நூறு அடி. ஒன்றரை வருடத்தில் அவள் போன தூரம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஆடிய ஆட்டத்தையே படமாக எடுத்து, தமிழில் பேசவைத்தும் வெளியிட்டார்கள். நண்பர்கள் நான்கு பேரும் முதல் நாள் காட்சிக்கு அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அண்ணி அண்ணனிடம் கேட்டாள். இரண்டு பேர் ஆண்கள் என்பதைக்கூட மறைக்கவில்லை. அண்ணன் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். நான் படகுத்துறைக்குப் போய், "நாளைக்கு அண்ணி வந்தா ஏத்தாதே" என்று படகோட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அண்ணி நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு துறைக்குப் போனாள். படகு அவளை விட்டுவிட்டுப் போனது. அடுத்த படகும் போனது. அங்கன்வாடி ஜன்னலிலிருந்து எனக்கு அவள் முதுகு தெரிந்தது. மதியம்வரை அங்கேயே நின்றாள். பிறகு வந்து புடவை மாற்றிக்கொண்டு, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, மாடிக்குப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபீஸ் அவளுக்குக் கொடுத்திருந்தது அந்தப் படத்தின் பக்கத்தைத்தான். கமெண்ட்டுகள் வந்து கொட்டின. பொறுக்காமல் நானும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். "டிராகன் மூணே நிமிஷம் வருது, ஏமாத்திட்டாங்க." "நாலு தடவ பாத்துட்டேன், எங்க டீம் மொத்தமும் அழுதோம்." "ஆட்டத்துல மந்திரக்காரி இரும்புக் கவசம் போடவே கூடாது, இதுகூடத் தெரியாம ஒரு டைரக்டர்." "குழந்தைங்களோட போனேன், ஒண்ணும் புரியல, பாப்கார்ன் நல்லாருந்துச்சு." படம் பார்க்காமல், இந்தச் சண்டைகளிலிருந்தே அண்ணி முழுக்கதையையும் கோத்து எனக்குச் சொன்னாள். எந்த இடத்தில் கைதட்டினார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பதுவரை சொன்னாள். இன்றுவரை அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரசிகர்கள் அதிகமாக அடித்துக்கொண்டது ஒரு காட்சிக்காக. நாயகக் கூட்டம் ஒரு கல் அறையில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஏறுகிறது. கடைசியில் வெளியிலிருந்து ஒரு கிழவி வந்து கதவைத் திறந்துவிடுகிறாள். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே மாட்டியவர்கள்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும், வெளியிலிருந்து திறப்பது மோசடி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதன் கீழே ஒரு கமெண்ட். பொம்மைப் படம் போட்ட, ஏதோ சின்னப் பிள்ளையின் கணக்கிலிருந்து வந்திருந்தது.

"வெளியிலேர்ந்து ஒருத்தர் திறந்தா என்ன தப்பு? எனக்குப் பதினோரு நாளா யாரும் திறக்கல."

கீழே சிரிப்பு பொம்மைகளாக விழுந்திருந்தன. "செம டயலாக்" என்று ஒருவன். "டைஸை உருட்டு தங்கச்சி" என்று ஒருவன்.

அண்ணி அதைப் பாராட்டிலும் போடவில்லை, குறையிலும் போடவில்லை.  விதியை மீறி, படத்தின் பெயரிலிருந்த அந்த ஆபீஸ் கணக்கிலிருந்தே பதில் எழுதினாள். "ரூம்ல என்ன என்ன இருக்கு?"

பதில் அன்று சாயங்காலம் வந்தது. "ஒரு ஃபேன்."

அண்ணி உடனே, "ஃபேன விடு. வேற என்ன இருக்கு? ஒண்ணொண்ணா சொல்லு" என்று எழுதினாள்.

கட்டில். எவர்சில்வர் தட்டு, டம்ளர். கம்பி போட்ட ஜன்னல், தெருவைப் பார்த்து. தம்பி முறைப் பிள்ளை ஒருவன் விளையாடிவிட்டுக் கட்டிலுக்கடியில் மறந்துபோன ஒரு பழைய டேப்லெட். அதில் வீடியோ மட்டும்தான் ஓடும். எழுதியது ஒரு பெண். வீட்டில் அவள் போனைப் பிடுங்கிவிட்டதால் தன் கணக்கு எதற்குள்ளும் நுழைய முடியவில்லை. அந்தப் பிள்ளையின் கணக்கில் வீடியோவுக்குக் கீழே கமெண்ட் மட்டும் எழுத முடிந்தது. இதெல்லாம் இரண்டு நாளில், வரி வரியாக வந்தது. ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னதற்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வேறொருவனோடு கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. எந்த ஊர், எந்தத் தெரு என்பதையும் எழுதினாள். அந்த வரியை மட்டும், வேறு யாரும் பார்க்காதபடி, அண்ணி படித்த நொடியே நீக்கினாள்.

பெண்கள் உதவி எண்ணுக்கு அண்ணி போன் செய்தாள். மறுநாள் போலீஸ் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. பெண் பெரியம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்ல, அவர்கள் திரும்பிவிட்டார்கள். மதியம் அந்தப் பெண் எழுதினாள்: "கீழ பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. கத்தலாம்னு பாத்தேன். அம்மா பக்கத்துலயே உக்காந்து என் வாயப் பொத்திக்கிட்டாங்க. அழுதுக்கிட்டே பொத்திக்கிட்டாங்க."

அண்ணி எழுந்து மாடியில் இரண்டு நடை நடந்தாள்.  "விட்ரு அண்ணி, நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து, "அம்மா எப்ப எப்ப பக்கத்துல இருக்க மாட்டாங்க?" என்று எழுதினாள்.

"பதினோரு மணிக்குத் தண்ணி லாரி வரும். குடம் எடுத்துட்டுக் கீழ போவாங்க. தெருவே அங்கதான் நிக்கும்."

"சரி. ரூம்ல இருக்குறத வெச்சு நீ என்ன பண்ணப் போறே?"

 திரையில் மேலே எவனோ டிராகனுக்கு எத்தனை தலை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பிறகு பதில் வந்தது. "தட்டால கம்பிய அடிப்பேன்."

அண்ணி மறுபடி உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இந்த முறை ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டார். தானே கூட வருவதாகவும், பெண் போலீஸோடு சரியாகப் பதினோரு மணிக்கு அந்தத் தெருவில் இருப்பதாகவும், எந்த நாள் என்பதைக் காலையில் சொல்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலையில்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். அண்ணி மாடியில் பேய் பிடித்த மாதிரி யாருக்கோ டைப் அடித்துக்கொண்டே இருக்கிறாள் என்று பெரியப்பா அவனுக்குச் சொல்லிவிட்டார். "எவன்கூட எழுதிக்கினு கீறா? நீ எனக்குச் சொல்லவே இல்லியே. அந்த லேப்டாப்ப எடுத்துப் பூட்டி வை. இல்லாட்டி நீயும் உன் துணிய எடுத்துக்கினு கிளம்பு."

அண்ணி கொல்லையில் அம்மாவின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் சீராகக் கொண்டுவந்த அதே பீரோ. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் அரிசி களைந்தேன்.

பத்தரைக்கு உதவி எண் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இன்றைக்கே வருகிறார்களாம், வண்டி கிளம்பிவிட்டதாம். அண்ணி ஈரக்கையோடு உள்ளே ஓடிவந்து மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணோடு பேசிய கணக்கு ஆபீஸ் கணக்கு. அந்த லேப்டாப்பில் மட்டுமே திறக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் சொல்லிச்சு" என்றேன்.

கத்துவாள், காலில் விழுவாள், சாவியைப் பிடுங்க வருவாள் என்று நினைத்தேன். எதுவும் செய்யவில்லை. தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"டீச்சர். லேப்டாப் பீரோவுல கீது. சாவி உன் இடுப்புல கீது. அவுங்க வராங்கனு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. மணி பத்தே முக்கால்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ இன்னா பண்ணப் போறே?"

படுக்கையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை. எழுந்து பீரோவைத் திறந்தேன். பூட்டில் சாவி சரியாக நுழையாமல் இரண்டு தடவை தவறியது.

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. அண்ணி எழுதினாள்: "இன்னைக்குத்தான். லாரி வந்ததும்." பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. "சரி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் டிராகனும் கவசமும் பாப்கார்னும் ஓடிக்கொண்டே இருந்தன. மதியம் ஒன்றரைக்கு உதவி எண் அம்மா கூப்பிட்டார். "பொண்ணு எங்ககூட வண்டியில இருக்கா." தட்டுச் சத்தத்தில் லாரியைச் சுற்றி நின்ற தெரு மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்ததாம். அவளுடைய அம்மாவும் குடத்தோடு நிமிர்ந்து பார்த்தாளாம். போலீஸ் மாடியேறியபோது குறுக்கே போகாமல், குடம் வழிவதைக்கூடக் கவனிக்காமல் அப்படியே நின்றாளாம். அதைக் கேட்டபோதுதான் அண்ணி அழுதாள்.

இதற்குள் அந்தப் பேச்சை ரசிகர்கள் சிலர் படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். படத்துக்காக நடத்திய விளம்பர விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். "படத்தோட பேஜே ரசிகர்கிட்ட ஆடுது, வேற லெவல்!" "அட்மின், எனக்கும் ஒரு ரூம் குடுங்க!" "படத்தவிட இது சூப்பர்!" அந்தப் பாராட்டுகளால்தான் ஆபீஸுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே, விதியை மீறியதற்காக வேலை இல்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. அந்தப் பாராட்டுகளையும் வரிசையாகப் பாராட்டு என்று பிரித்து முடித்துவிட்டுத்தான் அண்ணி லேப்டாப்பை மூடினாள்.

வேலை போனதும் மாடிக்குப் போக ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஆனால் வீட்டை விட்டு அனுப்பவில்லை. அம்மாவுக்கு ஆள் வேண்டுமே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி கரைவரை ஏறி வந்தது. அண்ணி சமைத்தாள், துவைத்தாள், அம்மாவின் முதுகுக்குப் பவுடர் போட்டாள். யாராவது வந்து குறை சொல்லி அழுதால், "ஆமா, கஷ்டந்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை என்பதை முதலில் கவனித்தது சரசக்கா. "இன்னா டீச்சர், உங்க அண்ணிக்கு உடம்பு சரியில்லியா?" என்று என்னிடம் கேட்டது. இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

மழை விட்ட ஒரு காலையில் நான் துறைக்குப் போய்ப் படகோட்டியிடம் பேசிவிட்டு வந்தேன். அண்ணி அடுப்பங்கரையில் இருந்தாள். "ஒம்பது மணி படகுல உனக்கு எடம் சொல்லியிருக்கேன் அண்ணி" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அத்தைக்கு?"

"நான் கீறேன்."

"உங்க அண்ணன்?"

"நான் கீறேன்னு சொல்றேன்ல."

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பையின் ஒரு காதை அவளும் ஒரு காதை நானும் பிடித்துக்கொண்டு, குப்பம் முழுக்கப் பார்க்க, வெயிலில் நடந்து போனோம். பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். படகு கிளம்பும்போது அவள் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள், உட்கார்ந்தாள், கரையைப் பார்த்தபடியே போனாள்.

மதியம் அண்ணன் கூப்பிட்டான். "அவ எங்க போனா?"

"தெரியாது."

"நீ இன்னா புடுங்கிக்கினு இருந்தே?"

"துறை வரைக்கும் பை தூக்கிக்கினு போனேன்" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அன்று சாயங்காலம் முதல் தடவையாகத் தனியாகச் செய்தேன். ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அம்மாவின் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. விழுந்த வாயால் குழறிக் குழறி, "அவ எங்க?" என்று கேட்டாள்.

"வெளிய போயிட்டாம்மா" என்றேன்.

 அம்மா நன்றாக இருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருட்டும்வரை விடவில்லை.